கோம்பே காட்டின் கணக்குப்பிள்ளைகள்

பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிற பையனுக்குச் சிம்பன்ஸியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். "முதல்ல காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை முடிடா, அப்புறம் குரங்கைப் பார்க்கலாம்" என்றார் அம்மா. நியாயமான பேச்சுதான். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணத்தை நடுவில் சொல்கிறேன், சொல்லத் தைரியம் வந்தால்.

2025 அக்டோபர் 1-ம் தேதி ஜேன் குடால் இறந்துபோனார். 91 வயது. அன்று ராத்திரி எங்கே பார்த்தாலும் ஒரே படம்தான். குட்டிச் சிம்பன்ஸி ஒன்று கையை நீட்டுகிறது, இளம் வயது ஜேன் குனிந்து தன் கையை நீட்டுகிறார். நானும் எல்லோரையும் போல ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு சின்னச் சந்தேகம். இவர்கள் தினமும் காட்டில் என்னதான் செய்வார்கள்? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்? சிம்பன்ஸி நாள் முழுக்கத் தூங்கினால் இவர்களும் உட்கார்ந்தே இருப்பார்களா? மழை பெய்தால் நோட்டு என்ன ஆகும்?

அப்படித் தேடித் தேடிப் படித்ததில் ஒரு மாசம் போனது. நான் ஆப்பிரிக்கா போனவன் இல்லை, எங்கள் மாவட்டத்தைத் தாண்டினதே நாலு தடவைதான். புத்தகங்கள், படங்கள், ஆய்வுக் கட்டுரைகள் இவற்றிலிருந்து தெரிந்துகொண்டதுதான் எல்லாம். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. இது விலங்கியல் வேலை என்று நினைத்தேன். பாதிக்கு மேல் கணக்கு எழுதும் வேலை!

ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

1960 ஜூலை 14. டாங்கனீகா ஏரியின் கிழக்குக் கரையில், கிகோமா ஊருக்கு வடக்கே இருக்கிற கோம்பே காட்டில் ஒரு படகு வந்து நிற்கிறது. அப்போது அந்த நாடு பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது. இன்றைய டான்சானியா. இறங்கியவர்கள் 26 வயது ஜேன், அவருடைய அம்மா வேன், டொமினிக் என்ற சமையல்காரர். அம்மா எதற்கு என்றால், இளம்பெண் ஒருத்தி தனியாகக் காட்டில் தங்கக்கூடாது என்று அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். சரி, நானே வருகிறேன் என்று அம்மா கிளம்பிவிட்டார். (ஹாஸ்டலில் சேர்க்க வந்த அம்மா அங்கேயே பாய் போட்டு நாலு மாசம் தங்கின மாதிரி!) அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. கரையில் தங்கியிருந்த மீனவர்களுக்கு மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என்று ஒரு சின்ன வைத்தியசாலையே நடத்தியிருக்கிறார். மகளுக்கு அந்தக் கரையில் நல்ல பெயர் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜேனிடம் அன்றைக்கு ஒரு டிகிரி கூடக் கிடையாது. லண்டனில் செக்ரட்டரி வேலைக்கான படிப்பு படித்தவர். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் வகையறா. நம் ஊர் கணக்கில் சொன்னால் லோயர், ஹையர் பாஸ். கென்யாவில் லூயி லீக்கி என்ற ஆய்வாளரிடம் செக்ரட்டரியாகச் சேர்ந்து, அவர் சொல்லித்தான் காட்டுக்கு வந்தார். ஆக நம்ம காமர்ஸ் பக்கத்து ஆள்தான் என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொண்டேன். முதல் செலவுக்குப் பணம் கொடுத்தது லெய்ட்டன் வில்கி என்ற அமெரிக்க முதலாளி. 3,000 டாலர். அவருடைய தொழில், வெட்டும் கருவிகள் தயாரிப்பது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

முதல் மூன்று மாசம் வரவு ஒன்றுமில்லை, செலவு மட்டும்தான். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம், பல நூறு அடி தூரத்தில் இவர் தலை தெரிந்தாலே சிம்பன்ஸிகள் ஓடிவிடும். அம்மாவும் பெண்ணும் மலேரியாவில் விழுந்து, ஒரே கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். காய்ச்சல் விட்டதும் ஜேன் ஒரு குன்றின் உச்சியைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பள்ளத்தாக்கும் தெரியும். ஒரு தகரப் பெட்டியில் கெட்டில், காப்பித்தூள், டப்பா உணவு, ஒரு கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் போட்டு உச்சியில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஏறிப் போய் பைனாகுலரோடு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான் வேலை. உட்கார்வது. தினமும் ஒரே நிறத் துணி, தினமும் ஒரே இடம், ஒளிந்துகொள்வதும் கிடையாது. இந்த வெளுத்த குரங்கு ஒன்றும் செய்யாது என்று அதுகளுக்கே தோன்றும் வரைக்கும்.

அக்டோபர் 30-ம் தேதி, தாடி நரைத்த ஒரு ஆண் சிம்பன்ஸி காட்டுப்பன்றிக் குட்டியின் கறியைத் தின்பதைப் பார்த்தார். அதுவரை அவை சைவம், மிஞ்சிப் போனால் பூச்சி தின்னும் என்றுதான் நினைத்திருந்தார்கள். நவம்பர் 4-ம் தேதி அதே ஆள் (பெயர் டேவிட் கிரேபியர்ட்) புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வருகிற கரையான்களை உதட்டால் உருவித் தின்றுகொண்டிருந்தது. கருவியைப் பயன்படுத்துவது மட்டுமில்லை, இலைகளை உருவிக் குச்சியைத் தயார் செய்வதையும் பார்த்தார். கருவி செய்யத் தெரிந்த ஒரே பிராணி மனிதன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருவி விற்கிற முதலாளி கொடுத்த காசில் அந்தப் பேச்சு முடிவுக்கு வந்தது. அந்தக் காசும் தீரப்போகிற நேரத்தில்!

இந்த 2 நாட்களைப் பற்றி எழுதாத ஆள் கிடையாது. எனக்கு மற்ற நாட்கள்தான் வேண்டியிருந்தது. 1960-லிருந்து இன்று வரை 65 வருஷத்துக்கு மேல் கோம்பேயில் பதிவு நடக்கிறது. அதில் இப்படிப்பட்ட பெரிய நாட்கள் எத்தனை இருந்துவிடப் போகிறது? மீதி எல்லாம் சாதாரண நாள். அந்தச் சாதாரண நாளை யார் எழுதினார்கள்?

ஒரு நாளைச் சொல்கிறேன்.

வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேர் டார்ச்சோடு மலை ஏறுகிறார்கள். இரண்டு பேருமே டான்சானியர்கள், பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டார கிராமத்துக்காரர்கள். ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர். மேலே மலை முகடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் செங்குத்தான பள்ளத்தாக்குகள். முந்தின நாள் சாயங்காலம் எந்த மரத்தில் சிம்பன்ஸி படுத்ததோ அந்த மரத்தடிக்கு, அது எழுந்திருப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஐந்து நிமிஷம் லேட்டானால் அது போய்விடும், அப்புறம் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். (காலேஜ் முதல் பீரியடுக்கே லேட்டாகப் போகிற நான் இந்த வேலைக்கு ஆக மாட்டேன்.)

சிம்பன்ஸி தினமும் புதுப் படுக்கை போடும். கிளைகளை வளைத்து மடக்கி, மேலே இலைகளைப் பரப்பி, சில நிமிஷத்தில் முடித்துவிடும். நேற்று போட்டதில் இன்று படுப்பது அபூர்வம். குட்டிகள் மட்டும் அம்மாவோடு.

அது எழுந்து, மேலேயிருந்தபடியே மூத்திரம் பெய்து (கீழே நிற்கிறவர்கள் தள்ளி நிற்க வேண்டும், இதுவும் பயிற்சியில் சேர்த்தி), இறங்கி நடக்க ஆரம்பித்ததும் கணக்கு ஆரம்பம். அன்றைக்கு ஒரே ஒரு சிம்பன்ஸிதான் 'இலக்கு'. அது எங்கே இருக்கிறது என்று 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதோடு யார் யார் இருக்கிறார்கள், யார் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார்கள், யார் எப்போது பிரிந்து போனார்கள், என்ன சாப்பிட்டது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை. எல்லாம் ஸ்வாஹிலி மொழியில். ஒரு விஷயம், ஸ்வாஹிலிக்காரர்கள் பேச்சில் காலை 7 மணியை 'ஒன்றாம் மணி' என்பார்கள். சூரியன் உதித்ததிலிருந்துதான் எண்ணிக்கை. நம் பழைய நாழிகைக் கணக்கு ஞாபகம் வரவில்லையா?

பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. அம்மா பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ பிள்ளைகளுக்கும் அதே எழுத்து. ஃப்ளோ என்ற கிழவியின் பிள்ளைகள் ஃபேபன், ஃபிகன், ஃபிஃபி, ஃப்ளின்ட். ஃபிஃபியின் பிள்ளைகள் ஃப்ராய்ட், ஃப்ரோடோ என்று போகும். அடுத்த குடும்பம் 'ஜி'. கிரெம்லின் என்ற தாய்க்கு 1998-ல் இரட்டைப் பெண் பிறந்தது, கோல்டன், கிளிட்டர். காட்டில் இரட்டைக் குட்டிகள் இரண்டுமே பிழைத்து வளர்வது ரொம்ப அரிது. பேரேட்டில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனிப் பக்கம் ஒதுக்குகிற மாதிரி, பக்கம் திறந்தால் முப்பது நாற்பது வருஷக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நாளின் பாதி சாப்பாட்டில் போகும். அத்திப்பழம், எண்ணெய்ப் பனைக் காய், இலை, தண்டு. சில நாள் ஒரே மரத்தில் மூன்று மணி நேரம். கீழே இவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 'அதே இடம்', 'அதே இடம்' என்று குறித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு அது இறங்கிப் புதருக்குள் போகும். அது நான்கு காலில் சுலபமாக நுழைந்துவிடும். இவர்கள் வயிற்றால் ஊர்ந்து, கொடி முள்ளில் சட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டும். மத்தியானம் பேன் பார்க்கும் நேரம். மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று முடியைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யார் யாருக்குப் பார்த்தார்கள், திரும்பப் பார்த்தார்களா என்பதும் முக்கியம். பற்று வரவு!

மழைக் காலம் இன்னும் மோசம். சிம்பன்ஸி கொட்டுகிற மழையில் கூட எங்கேயும் ஒதுங்காது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்து நனையும். அது நனைந்தால் இவர்களும் நனைய வேண்டியதுதான். சில சமயம் இடி மழை ஆரம்பிக்கும்போது பெரிய ஆண்கள் கிளையை ஒடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஓடி ஓடி ஆட்டம் போடும். அந்த நேரத்தில் நடுவில் நிற்கக்கூடாது. ஃப்ரோடோ என்று சொன்னேனே, அது ஒரு காலத்தில் ஆய்வாளர்களையே தள்ளி மிதிக்கும் ரௌடி. ஜேனையே அடித்திருக்கிறது. 2002-ல் பூங்காவுக்குள் ஒரு பெண் வைத்திருந்த கைக்குழந்தையைப் பறித்துக் கொன்றுவிட்டது. அதற்குப் பின்னும் அதன் பின்னால் நோட்டோடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு இதைப் படித்துவிட்டு ஒரு நாள் மேலே படிக்க மனசு வரவில்லை.

சில நாள் இலக்கைத் தொலைத்துவிடுவார்கள். புதருக்குள் போனது வெளியே வராது. இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காது. அப்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்? 'காணவில்லை' என்றுதான். அது வழக்கமாகப் போகிற மரம் அவர்களுக்குத் தெரியும். மத்தியானம் அங்கேதான் இருக்கும் என்று சத்தியம் பண்ணிச் சொல்லலாம். ஆனால் கண்ணால் பார்க்கவில்லையே.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பார்ட் டைமாகப் போய்க்கொண்டிருந்தேன். மார்ச் 31 அன்று ஒரு கோடவுனில் ஸ்டாக் எண்ண அனுப்பினார்கள். என்னோடு வந்த சீனியர் அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. முன் வரிசையை எண்ணினேன். பின் வரிசைக்குப் போக வழியே இல்லை, இருட்டு, எலி நாற்றம். அண்ணன் வந்து, "தம்பி, புக்குல என்ன இருக்கோ அதைப் போட்டு டிக் அடி, நேரமாச்சு" என்றார். போட்டேன். பின் வரிசையில் எத்தனை இருந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. மூட்டை இருந்ததா என்றே தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஷீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

இதை மறந்தே போயிருந்தேன். யாரோ ஒருவர் ஆப்பிரிக்கக் காட்டில் 'காணவில்லை' என்று எழுதியதைப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவர் கூட யாரும் ஆடிட்டர் வரவில்லை. பொய் எழுதியிருந்தால் அந்த மரத்துக்கும் அந்தச் சிம்பன்ஸிக்கும் தவிர யாருக்குத் தெரியும்?

அதுவும் 1975-க்குப் பிறகு நிஜமாகவே யாரும் வரவில்லை. அந்த வருஷம் மே 19 ராத்திரி, ஏரியைத் தாண்டி அன்றைய ஸயரிலிருந்து ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று படகில் வந்து, ஆய்வு மையத்தில் இருந்த வெளிநாட்டு இளைஞர்கள் 4 பேரைக் கடத்திக்கொண்டு போனது. பிறகு எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் கோம்பேயில் தங்குவது அதோடு நின்றது. ஜேனும் இடையிடையேதான் வந்துபோக முடிந்தது. மையத்தை மூடிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூடவில்லை. ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்த டான்சானியப் பணியாளர்கள் காலையில் எழுந்து, மரத்தடிக்குப் போய், எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஹிலாலி மத்தாமா. 1974 ஜனவரி 7 அன்று கசகேலா கூட்டத்து ஆண்கள் சத்தமில்லாமல் தெற்கே கஹாமா கூட்டத்தின் எல்லைக்குள் போயின. தனியாக மரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோடி என்ற ஆணைப் பிடித்து இழுத்துப் பத்து நிமிஷம் போல அடித்தன. அதை ஹிலாலி பார்த்து எழுதினார். கோடியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இந்த இரண்டு கூட்டமும் சில வருஷம் முன்பு வரை ஒரே கூட்டம். ஒன்றாகப் பேன் பார்த்தவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். 1978-க்குள் கஹாமா ஆண்கள் ஒன்று கூட மிச்சமில்லை. இன்னொரு பக்கம் பேஷன் என்ற தாயும் அதன் மகள் பாமும் சேர்ந்து சொந்தக் கூட்டத்துத் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பிடுங்கித் தின்றன. இவையெல்லாம் நடந்த வருஷங்களில் காட்டில் பெரும்பாலும் கண்ணாக இருந்தது டான்சானியப் பணியாளர்கள்தான். பத்து வருஷமாகப் பெயர் சொல்லிப் பழகின பிராணிகள். மனசு கேட்காது. ஆனாலும் மணியைப் பார்த்து, யார் பிடித்தது, யார் கடித்தது, யார் நின்று வேடிக்கை பார்த்தது என்று வரிசையாக எழுத வேண்டும்.

புத்தக அட்டையில் இவர்கள் பெயர் வராது. இதைக் குறையாகச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஜேன் தன் புத்தகங்களில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார், அது நிஜம். ஆனால் அவர் இறந்த ராத்திரி நான் பார்த்த செய்திகளில் ஒன்றில் கூட ஹிலாலி இல்லை.

சரி, கணக்கு என்றால் தணிக்கையும் வேண்டும் அல்லவா? கோம்பே கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வாழைப்பழம். டேவிட் கிரேபியர்ட் முகாமுக்கு வந்து வாழைப்பழம் எடுத்ததிலிருந்து ஆரம்பித்தது. 1960-களில் தினமும் பழம் வைத்தார்கள். கிட்டத்தில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். விளைவு, கூட்டம் கூடி முகாமிலேயே காத்துக் கிடந்து அடிதடி. பபூன் குரங்குகளோடும் சண்டை. பெட்டி செய்து பூட்டினார்கள். அதையும் திறக்கக் கற்றுக்கொண்டன. பிறகு வெகுவாகக் குறைத்து, 2000-த்தில் முழுசாக நிறுத்தினார்கள். "நீங்கள் பழம் வைத்துக் கெடுத்ததால்தான் கொலை நடந்தது" என்று பிற்பாடு விமர்சனம் வந்தது. நியாயமான கேள்வி. புத்தகத்தில் நாமே வரவு வைத்துவிட்டு லாபம் என்று சொல்ல முடியாதே.

பதில் வர நாளானது. உகாண்டாவின் என்கோகோ மாதிரிப் பழம் வைக்காத இடங்களிலும் இதே போல எல்லை தாண்டிக் கொல்வதைப் பார்த்தார்கள். 2014-ல் 18 சிம்பன்ஸிக் கூட்டங்களின் பல பத்து வருஷப் பதிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பார்த்தது, ஊகித்தது, சந்தேகம் என்று பிரித்து எழுதி மொத்தம் 152 கொலைகள். மனிதத் தலையீடு அதிகமான இடத்தில் கொலை அதிகம் என்று கணக்கு வரவில்லை. 'பார்த்தது' 58 மட்டும்தான் என்று தனியாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவு எனக்குப் பிடித்திருந்தது. (கோடவுன் ஷீட்டில் அப்படி ஒரு காலம் கிடையாது. இருந்திருந்தால்...)

ஐவரி கோஸ்டின் தாய் காட்டில் 1979-ல் தொடங்கிய கிறிஸ்டோஃப் போஷ் தம்பதி பழமே வைக்கவில்லை. சிம்பன்ஸிகள் பயம் தெளிய சுமார் 5 வருஷம் ஆனது. இன்றைக்கு அதுதான் சரியான வழி என்கிறார்கள். ஆனால் அங்கேயும் வேறு விலை. பின்னால் நடக்கிற மனிதனின் ஜலதோஷம். நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும் வைரஸ் அவற்றைக் கொன்றது என்று 2008-ல் அங்கேயே நிரூபித்தார்கள். கோம்பேயில் 1966-லேயே போலியோ பரவியது. ஃபேபனுக்கு ஒரு கை போனது. மிஸ்டர் மெக்ரெகர் என்ற கிழட்டு ஆணுக்கு இரண்டு காலும் போய், கையால் இழுத்து இழுத்து நகர்ந்தது. மற்றவை பக்கத்தில் வராமல் ஒதுங்கின. கடைசியில் இவர்களே சுட்டுக் கருணைக் கொலை செய்ய வேண்டியிருந்தது.

அதனால் இன்றைக்கு விதிகள் கடுமை. குறைந்தது ஏழெட்டு மீட்டர் தள்ளி நில், இருமல் இருந்தால் காட்டுக்குள் வராதே, பல இடங்களில் முகக்கவசம், வெளியூரிலிருந்து வந்தால் சில நாள் ஒதுங்கி இருந்துவிட்டு வா. காட்டில் எச்சில் துப்பாதே, சாப்பாட்டு மிச்சத்தைப் போடாதே. சிம்பன்ஸியே கிட்டே வந்தால் நீ பின்னால் போ. அப்படியானால் அந்தப் பிரபலமான படம்? கை நீட்டுகிற அந்தக் குட்டி, ஃப்ளோவின் பிள்ளை ஃப்ளின்ட். இன்றைய விதிப்படி அந்தப் படம் எடுக்கவே முடியாது. அம்மா 1972-ல் இறந்ததும் ஃப்ளின்ட் சாப்பிடாமல் சுருண்டு, சில வாரத்தில் அதுவும் இறந்துபோனது. எட்டரை வயசு. நான் ஸ்டேட்டஸில் வைத்தது அதைத்தான்.

தினசரி வேலையில் இன்னொன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். சாணம் பொறுக்குவது. சிம்பன்ஸி கழித்ததைச் சின்னக் குழாயில் எடுத்து, யாருடையது, எந்தத் தேதி, என்ன நேரம் என்று எழுதி ஒட்ட வேண்டும். அதிலிருந்துதான் எந்தக் குட்டிக்கு யார் அப்பா என்று கண்டுபிடித்தார்கள். ஹெச்.ஐ.வி-க்கு மூலமான வைரஸ் வகை சிம்பன்ஸிகளிடம் இருப்பது முன்பே தெரியும். அது அவற்றுக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் நம்பினார்கள். 2009-ல் கோம்பே பதிவுகளையும் சாணத்தையும் வைத்துப் பார்த்தபோது, வைரஸ் உள்ளவை இறக்கும் அபாயம் அதே வயதுள்ள மற்றவற்றை விட 10 முதல் 16 மடங்கு என்று தெரிந்தது. இதற்கு என்ன தேவைப்பட்டது? ஒவ்வொன்றும் எப்போது பிறந்தது, எப்போது இறந்தது, கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள் என்ற வரி. எழுதினபோது அந்த வரி இதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் ஆகிறது. இலக்கு ஒரு மரத்தில் ஏறிக் கிளைகளை மடக்குகிறது. கீழே நிற்பவர் நேரத்தை எழுதுகிறார். உடனே கிளம்ப மாட்டார்கள். சில சமயம் மனசு மாறி இறங்கி வேறு மரத்துக்குப் போகும். அசையாமல் படுத்தது உறுதியான பிறகுதான் கீழே இறங்குவது. மரத்தை நன்றாக அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் இருட்டில் கண்டுபிடிக்கிற மாதிரி. ஏரியில் அந்த நேரத்துக்கு மீனவர்கள் விளக்குப் படகுகளோடு கிளம்பியிருப்பார்கள். நம் மத்தி இனத்தைச் சேர்ந்த டகா என்ற பொடி மீனை வெளிச்சம் காட்டிப் பிடிப்பார்கள். மலையிலிருந்து பார்த்தால் வரிசையாக விளக்கு தெரியுமாம். ஒரு தடவை பார்க்க வேண்டும். ஈரச் சட்டையை மாற்றி, சாப்பிட்டு, நோட்டை ஒப்படைத்துவிட்டு, விடியற்காலை எழுந்திருக்க வேண்டும்.

இந்த வருஷமும் மார்ச் 31-க்கு அதே கோடவுனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏணி ஒன்றும் டார்ச் ஒன்றும் வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். "என்ன தம்பி, திருடன் போலீஸ் விளையாடப் போறியா?" என்று சிரித்தார். போன வருஷ ஷீட்டைப் பற்றி இன்னும் அவரிடம் பேசவில்லை. டார்ச் என் காசிலேயே வாங்கிவிட்டேன். ஏணிக்கு பக்கத்துக் கடையில் கேட்டிருக்கிறேன்.